காங்கேசன்துறை வீதியில் ஐந்து கட்டைச் சுருதி

நாகப்பட்டினத்தில் காலையில் கப்பல் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கலாம். கடலில் நான்கு மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடியும் ஓடத் தொடங்கிய சேவை இது. பக்கத்து இருக்கையில் பட்டுப்புடவை மூட்டையோடு வந்த யாழ்ப்பாணத்து வியாபாரி ஒருவர், நான் எங்கே போகிறேன் என்று விசாரித்தார். உடுவில் என்றேன். "உடுவிலிலை என்ன கிடக்குப் பாக்க? நல்லூருக்குப் போங்கோ, நயினாதீவுக்குப் போங்கோ" என்றார். பாட்டுக் கேட்கப் போகிறேன் என்றதும் அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, மூட்டையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனார்.

இந்தக் கடலைத் தாண்டி வந்த பாட்டுக்காரிகளின் தடம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு காலத்தில் பெண்கள் கச்சேரிக் குழுக்களாகக் கிளம்பி, திருவிழாக் காலம் முழுக்க யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஆடியும் பாடியும் திரும்பியிருக்கிறார்கள். 1914-இல் போட் மெயில் ஓடத் தொடங்கிய பிறகு அவர்கள் வழி தனுஷ்கோடி: அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு ரயிலில் மதவாச்சி சுற்றி வடக்கே. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்ற பிறகு அந்த வழி போயிற்று. அவர்கள் பெட்டியும் சலங்கையும் சுமந்து இரண்டு ரயில், ஒரு கப்பல் மாறி வந்த தூரத்தை நான் பாதி நாளில் கடந்துவிட்டேன்.

காங்கேசன்துறையில் பஸ் ஏறினால் வீதி நேராகத் தெற்கே இறங்குகிறது. கூரை போன வீடுகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. மாவிட்டபுரம் கோபுரம் கடந்ததும் தெல்லிப்பழை. துர்க்கை அம்மன் கோயில் வாசலில் பஸ் நின்றபோது, சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டியின் நினைவு வந்தது. அந்தக் கோயிலின் நிருவாகத்தையே ஏற்று நடத்தியவர். கடல் கடந்தும் போய்ச் சைவச் சொற்பொழிவு ஆற்றியவர். தனியாக மேடையில் நின்ற பெண்குரல் இந்த வீதிக்குப் புதிதல்ல. மல்லாகம், சுன்னாகம் தாண்டி மண் சிவப்பாகிறது. வெங்காயம், புகையிலை, திராட்சைப் பந்தல். மருதனார்மடம் சந்தியில் ஆஞ்சநேயர் வானளவுக்கு நிற்கிறார். அவர் காலடியில் இறங்கிக்கொண்டேன்.

இறங்கிய இடத்திலிருந்து எல்லாமே நடக்கிற தூரம். இதுதான் என்னை முதலில் மலைக்க வைத்தது. தெற்கே இணுவில்: நாதஸ்வரமும் தவிலும் தலைமுறை தலைமுறையாக ஒலித்த ஊர், தவில் மேதை தட்சணாமூர்த்தியைத் தந்த ஊர். மேற்கே உடுவில்: 1824-இல் அமெரிக்க மிஷன் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி திறந்த ஊர். சந்தியிலேயே இராமநாதன் கல்லூரியும், அதையொட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசை, நடனத் துறைகளும். கூடவே வட இலங்கைச் சங்கீத சபை. மேளக்காரர்கள், பாதிரிமார், சைவப் பெரியவர்கள், பல்கலைக்கழகம் என்று நாலு தரப்பும் ஒரே பிடி நிலத்தில் பெண் பாடலாமா, ஆடலாமா, எங்கே, யார் முன்னால் என்று இருநூறு வருஷமாக வழக்காடியிருக்கின்றன.

உடுவில் மகளிர் கல்லூரி வளவு பெரிய மரங்களின் நிழலில் கிடக்கிறது. ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பள்ளிகளில் ஒன்று. தொடங்கியவர் ஹாரியட் வின்ஸ்லோ. தமிழ் அகராதி தொகுத்த மைரன் வின்ஸ்லோவின் மனைவி. 1833-இல் இங்கேயே காலமானார். முதலில் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் தயாராக இல்லை. படித்து முடிக்கும் பெண்ணுக்குச் சீதனம் தருகிறோம் என்று மிஷன் சொல்ல வேண்டியிருந்தது. 1840-இல் வந்த எலிசா அக்னியூ கிட்டத்தட்ட நாற்பது வருஷம் தலைமையாசிரியையாக இருந்தார். ஊர் திரும்பவே இல்லை. ஆயிரம் பெண்களுக்குத் தாய் என்பார்கள். எழுத்தும் தையலும் கீர்த்தனையும் படித்த அந்தப் பெண்கள் தேவாலயத்தில் எழுந்து நின்று கூடிப் பாடினார்கள். நல்ல குடும்பத்துப் பெண் நாலுபேர் முன்னால் வாய் திறந்து பாடுவது இந்த ஊரில் முதலில் மரியாதை பெற்ற இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் அதே காலத்தில், கூப்பிடு தூரத்துக் கோயில்களில் வேறு பெண்கள் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு மரியாதை இல்லை, அவ்வளவுதான்.

நான் தங்கிய வீடு உடுவிலில் ஒரு பழைய நாற்சார் வீடு. வீட்டுக்காரம்மாவுக்கு வயது எண்பத்தைந்துக்கு மேல். விறாந்தையில் சாய்மனைக் கதிரை, அதில் அவர், கையில் பனை விசிறி. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கும் பழக்கத்தை எனக்கும் தொற்ற வைத்தார். நான் சின்னமேளம் என்று தொடங்கியதும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, எங்களை விடமாட்டினம் பாக்க. பெரியமேளம் முடியும் மட்டும் இருக்கலாம். சின்னமேளம் தொடங்கப் போகுது எண்டால் அப்பா எழும்பி, பிள்ளையள் வீட்டை நடவுங்கோ எண்டுவார். அவர் மட்டும் திரும்பிப் போவார்."

"நீங்க பார்க்கவே இல்லையாம்மா?"

"ஆர் சொன்னது? வேலிக்குள்ளாலை பாத்தனாங்கள்!"

அவர் சிரித்த சிரிப்பில் எழுபது வருஷம் காணாமல் போயிற்று.

நாதஸ்வரமும் தவிலும் பெரியமேளம். ஆடும் பெண்களும் நட்டுவாங்கமும் பாட்டும் மிருதங்கமும் சேர்ந்தது சின்னமேளம். பக்கவாத்தியம் பெரும்பாலும் ஆண்கள்தான். ஆனால் குழு யாரை நம்பி ஓடியது என்பதில் சந்தேகம் கிடையாது. யாழ்ப்பாணத்தில் உபயகாரர்கள் போட்டி போட்டுத் திருவிழாச் செய்வார்கள். ஒருவர் ஒரு செட் கொண்டுவந்தால் அடுத்த திருவிழாக்காரர் இரண்டு செட். சிகரம், வாணவேடிக்கை, மேளக்கச்சேரி, கடைசியில் நள்ளிரவு தாண்டிச் சின்னமேளம். அந்தக் குழுக்களில் ஒருத்தி முன்பாட்டுக்காரி. வீட்டுக்காரம்மா வேலி வழியே பார்த்த செட்டில் அவள் ஆடவில்லையாம்; நின்றபடி பாடுவாளாம். சிவப்புக்கல் மூக்குத்தி. பாட்டுக்கு நடுவே முந்தானையால் நெற்றியை ஒற்றிக்கொள்வாள். மறுநாள் காலை கோயில் மடத்துக் கிணற்றடியில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்ததையும் இவர் பார்த்திருக்கிறார். "ராத்திரி அம்மன் மாதிரி நிண்ட மனுசி, விடிய எங்கடை குஞ்சியம்மா மாதிரிக் குந்தியிருந்து துணி தோய்க்கிறா. எனக்கு அதுதான் பெரிய அதிசயம்."

அவர் பெயர் என்ன என்று கேட்டேன். விசிறி நின்றது. "பேர் ஆருக்குத் தெரியும்? கும்பகோணத்து செட் எண்டு சொல்லுவினம்."

இந்தப் பெண்களை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் ஆறுமுக நாவலர். 1870-களில் நல்லூர்க் கோயில் நடைமுறைகளைக் கண்டித்து எழுதியபோது தாசிகளின் ஆட்டத்தையும் அவர் விடவில்லை. மிஷன்காரர்களோடு நாவலர் ஒத்துப்போன விஷயங்கள் மிகக் குறைவு, இது ஒன்று. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில், 1871-இல், ஜோசஃபின் அமான் வைன்லிஷ் என்பவர் வியன்னாவிலிருந்து தன் பெண்கள் இசைக்குழுவை அழைத்துக்கொண்டு நியூயார்க்கில் இறங்கினார். புல்லாங்குழலையும் பெரிய தந்தி வாத்தியங்களையும் பெண்கள் வாசிப்பதைப் பார்க்க அங்கே சீட்டு வாங்கி உட்கார்ந்தார்கள். ஐரோப்பாவில் அதன் பின்னால் பெண்கள் குழுக்கள் பெருகின. சுற்றி வந்து பிழைக்கும் பெண் கலைஞருக்கு அங்கேயும் முழு மரியாதை கிடைத்துவிடவில்லை. ஆனால் அவருடைய பெயராவது சுவரொட்டியில் அச்சானது.

சென்னை மாகாணத்தில் 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. கோயிலிலும் ஊர்வலத்திலும் அந்தப் பெண்கள் ஆடுவது குற்றமாயிற்று. அந்தச் சட்டம் கடலைத் தாண்டவில்லை. அதனால்தான் நம் ஊரில் அடங்கிப்போன சலங்கை இங்கே அதற்குப் பிறகும் கேட்டது. கடைசியில் அதை முடித்தது சட்டமல்ல. ஒலிபெருக்கியும் சினிமாப் பாட்டும் மெல்லிசைக் கோஷ்டிகளும்தான்.

இன்னொரு பக்கம், இந்தச் சந்தியிலேயே கதை திரும்பிக்கொண்டிருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913-இல் சைவப் பெண்பிள்ளைகளுக்காக மருதனார்மடத்தில் கல்லூரி திறந்தார். உடுவில் மிஷன் பள்ளிக்குச் சைவத்தின் பதில் அது. 1931-இல் வட இலங்கைச் சங்கீத சபை தோன்றியது. தரம் தரமாகப் பரீட்சை வைத்து, ஆறாம் தரமான ஆசிரியர் தரத்தைத் தாண்டுகிறவருக்குக் 'கலாவித்தகர்' பட்டம் கொடுப்பது அதன் வேலை. 1934-இல் தாகூர் சாந்திநிகேதன் குழுவோடு யாழ்ப்பாணம் வரை வந்தார். படித்த குடும்பத்துப் பெண்கள் மேடையில் ஆடிப் பாடுவதைத் தீவு முழுக்கப் பார்த்தது. 1960-இல் இராமநாதன் சங்கீத அக்கடமி தொடங்க, மகாராஜபுரம் சந்தானம் தமிழ்நாட்டிலிருந்து வந்து அதன் தலைவராக இருந்தார். 1975-இல் அது பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

கடல் தாண்டிச் சின்னமேளத்தோடு வந்தபோது வேலிக்குப் பின்னால் ஒளிந்து பார்க்க வேண்டியிருந்த கலை, பரீட்சை எண்ணும் பட்டச் சான்றிதழும் ஒட்டிக்கொண்டு வந்தபோது முன் வாசலால் வீட்டுக்குள் வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சபைப் பரீட்சை இல்லாவிட்டால் இத்தனை ஆயிரம் வீடுகளில் வீணை வந்திருக்காது. ஆனால் வந்த வழியில் யாரை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காலை எட்டு மணிக்கு மருதனார்மடம் சந்தியில் நின்று பாருங்கள். வயலின் பெட்டியை முதுகில் மாட்டி ஸ்கூட்டியில் வரும் பெண்கள். ஓட்டோவில் போர்வை சுற்றிய வீணை. யாளி முகம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வீதியைப் பார்க்கிறது. ஒரு பெண் மிருதங்கத்தைக் கைப்பிள்ளைபோல் இடுப்பில் வைத்துச் சந்தைக் கூட்டத்தைத் தாண்டுகிறாள். தக்காளிக்காரர் கூடையை நகர்த்தி வழி விடுகிறார். அவருக்கு இது தினசரி. எனக்குத்தான் கால் நகரவில்லை. எங்கள் தஞ்சாவூர்ச் சீமையில்கூட ஒரு சந்தையை இத்தனை வாத்தியங்கள் கடந்து போவதை நான் கண்டதில்லை.

வீட்டுக்காரம்மாவின் பேத்தி பல்கலைக்கழக இசைத் துறையில் படித்தவள். இப்போது பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியை. அவளும் தோழிகளும் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். முழுக்கப் பெண்கள். வாய்ப்பாட்டு இவள், இரண்டு வயலின், வீணை, மிருதங்கம், கடம். திருவிழாக் காலம் வந்தால் வான் பிடித்துக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, சில சமயம் மட்டக்களப்பு வரைகூடப் போகிறார்கள். வான் ஓட்டுவது கடக்காரியின் அப்பா. ஒத்திகை வீட்டு முற்றத்தில் நடந்தபோது ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மிருதங்கக்காரி முதலில் ரவையைத் தண்ணீரில் குழைத்து இடந்தலையில் அப்பினாள். தட்டினாள், கொஞ்சம் வழித்தாள், மறுபடி தட்டினாள். பிறகு வாத்தியத்தைத் திருப்பி, கல்லால் வலந்தலை விளிம்பைச் சுற்றித் தட்டித் தட்டி ஏற்றினாள். கைபேசியில் தம்பூரா ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து கட்டை. பெண்குரலுக்கு இயல்பான சுருதி அது. ஆண் பாடகர்கள் ஒன்று, இரண்டு கட்டையில் பாடுவார்கள். ஐந்து கட்டைக்கு மிருதங்கம் உருவத்திலேயே சின்னதாக இருக்க வேண்டும், தோல் விறைப்பாக நிற்க வேண்டும். ஆணுக்கு வாசிக்கும் வாத்தியத்தைப் பெண்ணுக்கு அப்படியே தூக்கி வர முடியாது.

கையே வைக்கமாட்டேன் என்றவர்களும் இருந்தார்கள். பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்காமல்தான் இருந்தார், பிறகு டி. கே. பட்டம்மாளுக்கு வாசித்தபோது அது பெரிய செய்தி. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையில் பெண்களைப் பாட விடாததால், சமாதியையே கட்டியெழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் 1920-களின் கடைசியில் பெண்களுக்கென்று தனிக் கட்சி தொடங்க வேண்டியிருந்தது. புதுக்கோட்டைப் பக்கம் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கத்தைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டார். பெண்கள் குழு என்றதும் ஏதோ விளம்பரத்துக்காகச் சேர்த்த கூட்டம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பெண்கள் தனியாகக் கூடியது பல சமயம் வேறு வழியில்லாமல்.

ஒத்திகையில் பேத்தி பாடத் தொடங்கியபோது பாட்டியின் கதிரை சத்தமில்லாமல் விறாந்தை விளிம்புக்கு நகர்ந்தது. நல்ல குரல். மேல் ஸ்தாயியில் கொஞ்சம் மெலிகிறது, கீழே நிறைந்திருக்கிறது. மோகனத்தில் ஒரு கற்பனைஸ்வரம் போகும்போது வயலின்காரி ஓரிடத்தில் தவறவிட, இருவரும் சிரித்துவிட்டார்கள். மிருதங்கம் மட்டும் தாளத்தை விடாமல் அவர்களை இழுத்துக்கொண்டு போயிற்று. சபாக்களில் நான் கேட்ட பல கச்சேரிகளில் இந்த நெருக்கம் இல்லை. பக்கவாத்தியம் பாடகியைப் பயமுறுத்தாத இடத்தில் பாட்டு வேறு மாதிரி ஓடுகிறது.

பிறகு தேத்தண்ணியோடு பேசிக்கொண்டிருந்தபோது ஆப்கானிஸ்தானத்து 'சோரா' குழுவின் பேச்சு வந்தது. காபூலில் அகமத் சர்மஸ்த் நடத்திய இசைப் பள்ளியில் உருவான பெண்கள் இசைக்குழு. 2017-இல் டாவோஸ் வரை போய் வாசித்தார்கள். ரபாபும் சிதாரும் தபலாவும் வயலினும் ஒரே மேடையில். 2021 ஆகஸ்டில் தாலிபான் வந்ததும் பள்ளி மூடியது. மாணவர்களும் ஆசிரியர்களும் கத்தார் வழியாகப் போர்ச்சுகல் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் வாத்தியங்களை விட்டுவிட்டுப் போனதைப் பேத்தி சொல்லி முடிக்கவில்லை, பாட்டி குறுக்கிட்டார்.

"நாங்களும் விட்டிட்டுத்தான் போனனாங்கள். தொண்ணூற்றைஞ்சிலை வீணையைத் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடக்க ஏலுமே? உடுப்புப் பை ஒண்டு, பிள்ளை ஒண்டு. வந்து பாக்க வீணையும் இல்லை, அது இருந்த அலுமாரியும் இல்லை."

1995 அக்டோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் ஒரே வழியாகத் தென்மராட்சிக்கு நகர்ந்தது. உடுவிலும் மருதனார்மடமும் இணுவிலும் அதில் அடக்கம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்கள் வெறும் சுவரிலிருந்து தொடங்கினார்கள். இப்போது சந்தியைக் கடக்கிற வாத்தியங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வாங்கியவையாகத்தான் இருக்கும்.

புறப்படுவதற்கு முன் பேத்தி தன் குழுவின் திருவிழா நோட்டீஸ் ஒன்றைக் காட்டினாள். பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார் என்று ஒவ்வொரு பெண்ணின் பெயரும் பட்டத்தோடு. பாட்டி அதை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாப் பெயரையும் வாசித்தார்.

நாடக மேடைப் பாடகி கே. பி. சுந்தராம்பாள் சிறுவயதிலேயே நாடகக் குழுவோடு இலங்கை வந்தார். நாடக நடிகர் கிட்டப்பாவை அவர் சந்தித்ததும் இலங்கையில்தான். அவர் பெயர் நமக்குத் தெரிவதற்கு இசைத்தட்டும் சினிமாவும் காரணம். தட்டில் பதியாத, படத்தில் வராத நூற்றுக்கணக்கான பெண்கள் அதே கடலைக் கடந்து பாடிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் பெயர் எங்காவது இருக்குமென்றால் பழைய திருவிழா நோட்டீசுகளிலும் உபயக் கணக்குப் புத்தகங்களிலும்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் காகிதம் பிழைப்பது லேசல்ல. 1981-இல் பொது நூலகத்தில் எரிந்தவை மட்டும் தொண்ணூற்றேழாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள். மீதியை இடப்பெயர்வும் கரையானும் பார்த்துக்கொண்டன. இருந்தாலும் கொழும்பிலும் டொரொன்டோவிலும் லண்டனிலும் பரண்மேல் பெட்டிகள் கிடக்கத்தான் செய்கின்றன.

உங்கள் வீட்டில் அப்படிப் பழைய கோயில் நோட்டீஸ் ஒன்று கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள், யாழ்ப்பாணத்துக்குப் பாடப் போய்வந்த பாட்டி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், வெட்கப்படாமல் அவருடைய பெயரையும் ஊரையும் போன வருஷத்தையும் எழுதி வையுங்கள்.